எல்லை தாண்டாத மை

ராஜையனின் இடது சுட்டுவிரலில் வைத்த தேர்தல் மை, களியிக்காவிளை எல்லையைத் தாண்டிக் கேரளத்துக்குள் வந்ததும் மறைந்தது. திரும்பத் தமிழ்நாட்டுக்குள் போனதும் வந்தது. நாடாளுமன்றத் தேர்தலை அந்த வருடம் தமிழ்நாட்டில் ஒரு வெள்ளிக்கிழமையும் கேரளத்தில் அதற்கடுத்த வெள்ளிக்கிழமையும் வைத்திருந்தார்கள். முதல் வெள்ளிக்கிழமை காலையில் மார்த்தாண்டத்துக்குப் பக்கத்திலுள்ள சொந்த ஊரில் ஓட்டுப் போட்டுவிட்டு, அண்ணன் தங்கப்பன் வீட்டில் மரச்சீனிக் கிழங்கும் மீன்குழம்பும் சாப்பிட்டுவிட்டு, திருவனந்தபுரம் பஸ் ஏறியவர், பாறசாலை தாண்டிக் கண்டக்டர் மீதிச் சில்லறை கொடுத்தபோதுதான் விரலைப் பார்த்தார். மை இல்லை. எல்லாப் பொருளும் தரம் குறைந்துபோன வருடம் அது. பிஸ்கட் மெலிந்திருந்தது, தீப்பெட்டியில் குச்சி குறைந்திருந்தது. சர்க்காரும் மையில் தண்ணீர் சேர்த்திருக்கும் என்று நினைத்துக்கொண்டு ஜன்னல் பக்கம் தலையைச் சாய்த்துத் தூங்கிவிட்டார்.

திருவனந்தபுரம் ஆரியசாலையில் அவருக்கு வற்றல் மிளகாய் மொத்தக் கடை. முப்பத்தொரு வருடமாகக் கீழே கடை, மாடியில் வீடு. குண்டூர் மிளகாய் லாரியிலிருந்து இறங்கும் நாட்களில் தெரு முழுவதும் தும்மும். கல்யாணம் பேச வந்தவர்கள் தும்மிக்கொண்டே பேசி முடித்துப் போயிருக்கிறார்கள். வியாபார மந்தம் வந்த பிறகு அந்தத் தும்மல் நின்றுபோனது. முதலில் கழக்கூட்டத்து கம்ப்யூட்டர் ஆபீஸ்கள் ஒவ்வொரு மாடியாக விளக்கை அணைத்தன. பிறகு அங்கே ஹாஸ்டல் நடத்தியவர்கள் கட்டில்களை விற்கப் பார்த்தார்கள்; வாங்க ஆளில்லாமல் வெளியே போட்டார்கள்; அவற்றில் நாய்கள் ஆளுக்கொரு கட்டிலாகப் படுத்தன. ஹாஸ்டல் போனால் மெஸ் போகும், மெஸ் போனால் மிளகாய் யார் வாங்குவது? விழிஞ்ஞத்தில் கப்பல் வராத வாரங்களில் ராட்சத கிரேன்களின் நிழலில் உட்கார்ந்து மீன்காரர்கள் கிழிந்த வலை தைத்தார்கள். நம் தெருவின் எலிகள்கூட ஒரு செவ்வாய்க்கிழமை மத்தியானம் வரிசையாகக் கிள்ளிப்பாலம் தாண்டிக் கரமனைப் பக்கம் போயின. போக்குவரத்துப் போலீஸ்காரர் ஒருவர் கையைக் காட்டி வண்டிகளை நிறுத்தி அவற்றுக்கு வழிவிட்டார். இப்படிப்பட்ட வருடத்தில்தான் தேர்தல் வந்தது.

இரண்டு இடத்தில் ஓட்டு வைத்திருப்பது ஆரியசாலையில் யாரும் ஒளித்துவைக்கிற விஷயமாக இருந்ததில்லை. குமரி மாவட்டத்திலிருந்து வந்து கடை போட்டவர்களில் பாதிப் பேருக்குப் பெயர் அங்கேயும் உண்டு, இங்கேயும் உண்டு. அதைக் குற்றம் என்று சொன்னால் அவர்களுக்கு மனவருத்தம் வரும். பெண் வீட்டு அழைப்பும் வந்திருக்கிறது, மாப்பிள்ளை வீட்டு அழைப்பும் வந்திருக்கிறது, இரண்டுக்கும் போகாமல் இருந்தால் என்ன நினைப்பார்கள், அவ்வளவுதான். பப்பாளிப் பாலும் எலுமிச்சையும் வைத்து ஒரு வாரம் தேய்த்தால் மை ஏதோ மங்கும். மங்கிய விரலை இந்தப் பக்கத்து அதிகாரிகள் ரொம்பவும் உற்றுப் பார்க்க மாட்டார்கள். ராஜையனுக்கு இதில் தனியாக ஒரு நியாயமும் இருந்தது. பிழைப்பு இங்கே. ஆனால் செத்தால் புதைக்க இடம் ஊர்ச் சபையின் கல்லறைத் தோட்டத்தில், அப்பா அம்மாவின் காலடியில். ஓட்டுப் போடக்கூட ஊருக்கு வராதவனை, "அவன் மலையாளத்தான் ஆயாச்சு" என்று அண்ணன் தங்கப்பன் சபைக் கமிட்டியில் ஒரு வார்த்தை சொன்னால் போதும், அந்த ஆறடி வேறு யாருக்காவது போய்விடும். தங்கப்பன் சொல்லக்கூடிய ஆள்தான்.

இந்த நியாயம் மகள் ஆர்ஷாவிடம் செல்லவில்லை. ஆர்ஷாவுக்கு இருபத்தேழு வயது. கழக்கூட்டத்தில் ஒரு கம்பெனியில், மற்றவர்கள் செய்த புரோகிராமில் தப்பு கண்டுபிடிக்கும் வேலை. கம்பெனி விளக்கணைத்ததும் பதினொரு மாதம் மிளகாய்ச் சாக்குகளுக்கு நடுவில் உட்கார்ந்து படித்து, சர்க்கார் கிளார்க் வேலைக்கு பி.எஸ்.சி. பரீட்சை எழுதினாள். அந்த வருடம் கழக்கூட்டமே அந்தப் பரீட்சையை எழுதியது. அதில் இவள் ராங்க் லிஸ்டில் இருநூற்றுப் பன்னிரண்டாவதாக வந்தாள். இனி போலீஸ் வெரிபிகேஷன் மட்டும் பாக்கி. பெயரில் கேஸ் எதுவும் இல்லை என்று ஸ்டேஷனிலிருந்து எழுதிவிட்டால் வேலை. அந்த வீட்டில் அப்போது எதிர்பார்க்க வேறு எதுவும் இல்லை.

"ரெண்டு இடத்தில போட்டா கேஸாக்கும் அப்பா" என்றாள், ராஜையன் ஊருக்குப் புறப்பட்ட வியாழக்கிழமை. "வீட்டுக்குப் போலீஸ் வந்து விசாரிக்கப் போகுது. இப்பவா இந்த வேலை?"

"முப்பது வருசமா போடுதேன். எவன் கேஸு போட்டான்?"

"அப்ப எல்லாவனுக்கும் வேலை இருந்து. இப்ப சும்மா இருக்கான். சும்மா இருக்கவனுக்குக் கேஸு போட நேரமிருக்கு."

ராஜையன் பையை எடுத்துக்கொண்டு இறங்கினார். அன்றிலிருந்து அப்பாவும் மகளும் பேசவில்லை. உப்பு வேண்டுமென்றால் ராஜையன் ஓமனாவிடம் கேட்பார், ஓமனா மகளிடம் கேட்பாள், மகள் அப்பாவுக்கு முன்னாலிருந்த உப்பை எடுத்து அம்மாவிடம் கொடுப்பாள். வெள்ளிக்கிழமை சாயங்காலம் வாழைப்பூ அரிந்த கையில் கறை பட்டுவிட்டதென்று ஆர்ஷா இடது சுட்டுவிரலில் ஒரு பிளாஸ்டர் ஒட்டினாள். எல்லோரும் விரல்களை முறைத்துக்கொண்டிருந்த வாரம் அது. கறையைப் பார்த்து ஆளுக்கொன்று பேசுவார்களே என்றுதான். இத்தனை கண்ணும் காதும் உள்ள நம் தெரு, அந்த பிளாஸ்டரை ஒரு வாரம் முழுவதும் கவனிக்காமல் விட்டது. அதில் சிலருக்கு இன்றும் வெட்கம் உண்டு.

ஞாயிற்றுக்கிழமை ராஜையனும் ஓமனாவும் ஊருக்கு ஒரு ஞானஸ்நானத்துக்குப் போனார்கள். பஸ் எல்லையைத் தாண்டியதும் கம்பியைப் பிடித்திருந்த புருஷன் விரலில் கறுப்பு ஊறி வருவதை ஓமனா பார்த்தாள். ஊரில் மை வைத்த பெண்ணுக்குக் கை நழுவியிருக்கிறது. கோடு நகத்திலிருந்து இறங்கி முட்டிக்குப் பக்கத்தில் தூண்டில் கொக்கியைப் போல் வளைந்து நின்றது. திரும்பி வரும்போது ஓமனா அவரைக் களியிக்காவிளையிலேயே பஸ்ஸைவிட்டு இறக்கினாள். தமிழ்நாட்டின் கடைசிக் கடை ஒரு செல்போன் கடை. கேரளத்தின் முதல் கடை ஒரு வாழைப்பழக் கடை. இரண்டுக்கும் நடுவில் வைத்துப் புருஷனை நடத்திப் பார்த்தாள்.

"இந்தப் பக்கம் ஒரு எட்டு வையுங்க. இனி அந்தப் பக்கம்."

"ஆளு பாக்குது ஓமனா."

"பாக்கட்டும். எனக்க மாப்பிள்ளைய நான் நடத்துதேன்."

ஏழு தடவை நடத்தினாள். ஏழு தடவையும் கொக்கி வந்தது, போனது. வாழைப்பழக் கடைக்காரர், காலில் சுளுக்கா என்று கேட்டார். ஓமனா அவரிடம் அரைக் கிலோ பாளையங்கோட்டன் வாங்கினாள். சும்மா நின்றதாக ஆக வேண்டாமே.

இந்த விஷயத்தை ஓமனா ஒரே ஒருத்தியிடம்தான் சொன்னாள். கோட்டைக்குள் அக்ரஹாரத்திலிருந்து மாதத்துக்கு ஒரு முறை சாம்பார்ப் பொடிக்கு மிளகாய் வாங்க வரும் சாவித்ரி மாமி. "நான் யாரிண்டயும் மூச்சு விடமாட்டேன்டி, சத்தியம்" என்று மாமி சொன்னாள். அன்று மாமி யார் யாரிடமெல்லாம் சொன்னாளோ அவர்கள் எல்லோரிடமும் இதே சத்தியத்தை வாங்கிக்கொண்டுதான் சொன்னாள் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். திங்கட்கிழமை மத்தியானத்துக்குள் ஆரியசாலை, சாலைக் கடைத்தெரு, அட்டக்குளங்கரை வரை செய்தி போய்விட்டது.

போன தேர்தலில் ஆரியசாலை பூத்தில் ஒரு கட்சி மற்றதைவிட ஒன்பது ஓட்டு அதிகம் வாங்கியிருந்தது. அந்த ஒன்பதைக் காப்பாற்ற வேண்டியவன் ஸ்ரீஜித், பிடுங்க வேண்டியவன் மகேஷ்குமார். இரண்டு பேரும் சாலையில் அடுத்தடுத்த கடையில் வேலை பார்த்து ஒரே வாரத்தில் வேலை போனவர்கள். கட்சி ஆபீசில் ஃபேன் ஓடும், டீ வரும். மந்தத்துக்குக் காரணம் எதிர்க் கட்சிதான் என்று இரண்டு பேரும் உண்மையிலேயே நம்பினார்கள். இரண்டு இடத்தில் ஓட்டுப் போடுகிறவர்களை இந்த முறை ஒருவர் விடாமல் பிடிப்பது என்று இரண்டு கட்சியும் சபதம் போட்டிருந்தன. அவரவர் கட்சிக்குப் போடுகிறவர்களை இந்தச் சபதம் கட்டுப்படுத்தாது.

ஸ்ரீஜித் திங்கட்கிழமையே வந்து மிளகாய்ச் சாக்கின் மேல் உட்கார்ந்தான். "ராஜையண்ணா, தெய்வமே நம்ம பார்ட்டிக்குன்னு தீருமானிச்சாச்சு. நீங்க ஒண்ணும் செய்யண்டா. வெறுதே வந்து பட்டன் அமுக்கினா மதி, போதும்" என்றான். ராஜையன் விரலைத் துடைத்துக்கொண்டார். செவ்வாய்க்கிழமை மகேஷ்குமார் வந்தான். அவன் உட்காரவில்லை. பூத் ஏஜண்டாக இருக்கப் போகிறவன் அவன். ஒருவர் ஓட்டுப் போட வரும்போது அவர் மேல் ஆட்சேபம் சொல்ல ஏஜண்டுக்கு உரிமை உண்டு, அதற்கு இரண்டு ரூபாய் கட்ட வேண்டும். ஒரு இரண்டு ரூபாய் நாணயத்தைப் பையிலிருந்து எடுத்துக் காட்டினான். "அண்ணாச்சிக்குன்னு மாத்தி வச்சிருக்கேன். உங்க பேரு வாசிக்கும்போ இத மேசையில வைப்பேன். அப்புறம் விரலு பேசாது, போலீஸுதான் பேசும்" என்றான். பிறகு வீட்டுக்கு நூறு கிராம் மிளகாய் வாங்கிக்கொண்டு போனான். ராஜையன் காசு வாங்க மறக்கவில்லை.

புதன்கிழமை, ஊரில் ஓட்டுப் போட்டுவிட்டு மையோடு திரும்பியிருந்த நாற்பது பேர் ஒரு வேன் பிடித்து ராஜையனையும் ஏற்றிக்கொண்டு களியிக்காவிளைக்குப் போனார்கள். அவருடைய தோளைத் தொட்டுக்கொண்டு எல்லையைத் தாண்டினார்கள், கைகோத்துத் தாண்டினார்கள், பின்பக்கமாக நடந்தும் தாண்டினார்கள். ராஜையனுக்கு மட்டும் மறைந்தது. நாற்பது பேரும் மையோடு திரும்பி வந்து, அவரைக் கர்வம் பிடித்தவர் என்று சொல்லத் தொடங்கினார்கள். வியாழக்கிழமை தெருவில் ஒருவர் கையை ஒருவர் பார்ப்பதைத் தவிர வேறு வியாபாரம் நடக்கவில்லை. டீக்கடையில் எல்லோரும் இடது கையை மடித்த வேட்டிக்குள் வைத்துக்கொண்டு வலது கையால் கிளாசைப் பிடித்தார்கள். இடதுகைக்காரர் ஒருவர் மூன்று நாளாக டீயே குடிக்கவில்லை.

வெள்ளிக்கிழமை, ஆரியசாலை பள்ளிக்கூடத்தில் பூத். காலையிலிருந்தே கூட்டம்; வேலை இருந்த வருடங்களில் இவ்வளவு பேர் ஓட்டுப் போட வந்ததில்லை. ராஜையன் காலையில் ஒரு தடவை பள்ளிக்கூட வாசல் வரை வந்து திரும்பினார், மத்தியானம் ஒரு தடவை வந்து திரும்பினார். ஒவ்வொரு தடவையும் மகேஷ்குமார் ஜன்னல் வழியாக நாணயத்தைக் காட்டினான். ஸ்ரீஜித் கேட்டுக்கு வெளியே நின்று தலையை ஆட்டினான். கடைசியில் நாலு மணிக்கு ஓமனாவும் ஆர்ஷாவும் பெண்கள் வரிசையில் நின்றபோது ராஜையனும் ஆண்கள் வரிசையில் வந்து நின்றுகொண்டார். ஓமனா முதலில் போய் ஓட்டுப் போட்டாள். பிறகு ஆர்ஷாவின் பெயரை வாசித்தார்கள். மை வைக்கிற பெண், பிளாஸ்டரை எடுக்கச் சொன்னாள். ஆர்ஷா எடுத்தாள்.

நகத்திலிருந்து இறங்கி முட்டியருகே கொக்கியாக வளைந்த கறுப்பு, முந்தின நாள் வைத்ததைப் போலப் பளபளவென்று இருந்தது.

அப்பாவுக்கென்று நாலு நாளாகப் பையில் சூடாகிக்கொண்டிருந்த இரண்டு ரூபாயை மகேஷ்குமார் மகள் பெயருக்கு மேசையில் வைத்தான். வைத்த பிறகு அவனுக்கே கொஞ்சம் சங்கடமாகிவிட்டது. அவனும் ஆர்ஷாவும் ஒரே வகுப்பில் படித்தவர்கள். தலைமை அதிகாரியாக வந்திருந்த ஸ்ரீகண்டன் ஏதோ ஒரு சர்க்கார் ஆபீஸில் சூப்பிரண்டு. மூன்று மாதத்தில் ரிட்டயராகப் போகிறவர். கெட்ட பெயர் இல்லாமல் வீட்டுக்குப் போனால் போதும் என்று இருந்தவர். கண்ணாடியை ஏற்றி இறக்கி விரலைப் பார்த்தார்.

"வாழைப்பூக் கறை ஸார்" என்றாள் ஆர்ஷா. "ஒரு வாரமா போகல்ல."

"வாழைப்பூ இப்படிக் கோடு போடுமோம்மா? முப்பது வருஷமா எலெக்‌ஷன் ட்யூட்டி பாக்கறேன்." அவளுடைய அடையாள அட்டையை வாங்கித் தன் முன்னால் வைத்துக்கொண்டார். ஆறு மணிக்கு வாக்குப்பதிவு முடியும். அதற்குள் இந்த மைக்கு ஒரு விளக்கம் கிடைக்காவிட்டால், ஒரு தடவை ஓட்டுப் போட்டுவிட்டு மறுபடி போட வந்தாள் என்று எழுதி வெளியே நிற்கிற போலீஸிடம் ஆளையும் காகிதத்தையும் ஒப்படைக்க வேண்டியதுதான், தனக்கு வேறு வழியில்லை என்றார். ஆர்ஷா சுவரோரம் ஒரு பள்ளிக்கூட பெஞ்சில் உட்கார்ந்தாள். ராங்க் இருநூற்றுப் பன்னிரண்டு அந்த பெஞ்சில் அவள் பக்கத்தில் உட்கார்ந்திருப்பதை அங்கிருந்த எல்லோரும் பார்த்தார்கள்.

வாசலில் நின்ற ஓமனா திரும்பி உள்ளே வந்தாள். மகளின் கையைப் பிடித்து வெளிச்சத்துக்குத் திருப்பினாள். ஏழு தடவை பார்த்த கொக்கி. எட்டாவது தடவை தெரியாமல் போகுமா? நேராக ஆண்கள் வரிசைக்குப் போனாள்.

"விரல காட்டுங்க" என்றாள் புருஷனிடம். விரல் சுத்தமாக இருந்தது. "இத எங்க கொண்டு போட்டீங்கன்னு தெரியுமா? அவளுக்க கையில இருக்கு."

ராஜையனுக்குப் புரியக் கொஞ்ச நேரமாயிற்று. மை மறைந்தது என்றுதான் எல்லோரும் நினைத்திருந்தார்களே தவிர, மறைந்தது எங்கே போய் இருக்கிறது என்று நம் தெருவில் ஒருவரும் கேட்கவில்லை. ஜன்னலுக்கு வெளியிலிருந்து ஸ்ரீஜித், "அண்ணா, மிண்டாதே நில்லுங்க. இன்னும் நாலு பேருதான். போட்டுட்டு அப்புறம் பேசலாம்" என்றான். முன்னால் நின்றவர் ஓட்டுப் போட்டுவிட்டுப் போனார். மூன்று பேர் ஆனது. ராஜையன் தன் விரலைப் பார்த்தார். முப்பத்தொரு வருடத்தில் அந்த விரல் இவ்வளவு சுத்தமாக இருந்ததில்லை. மிளகாய்ச் சிவப்புகூட இல்லை. பிறகு வரிசையைவிட்டு வெளியே வந்து ஸ்ரீகண்டனின் மேசைக்கு முன்னால் நின்று, அந்த மை தன்னுடையது, போன வெள்ளிக்கிழமை ஊரில் போட்ட ஓட்டுக்கு வைத்தது, தான் எல்லையைத் தாண்டினால் அவள் விரலிலிருந்து அது போய்விடும் என்று, மிளகாய் விலை சொல்வதைப் போலச் சொன்னார்.

ஸ்ரீகண்டன் கொஞ்ச நேரம் பேனாவை மூடித் திறந்துகொண்டிருந்தார். "நீங்க இங்க ஓட்டுப் போட்டாச்சா?" என்று கேட்டார்.

"இல்ல."

"அப்போ உங்களைப் பத்தி எழுத என்கிட்ட ஒண்ணுமில்லை. மைக்கு விளக்கம் வேணும்னேன், சொல்லியிருக்கேள். சரியா தப்பான்னு ஆறு மணிக்குள்ள விரலே சொல்லட்டும்." கடிகாரத்தைப் பார்த்தார். நாலு நாற்பது.

ராஜையன் பெஞ்சின் பக்கம் போனார். எட்டு நாளுக்குப் பிறகு மகளிடம் நேராகப் பேசினார். "இரு மக்ளே, இப்ப எடுத்துடுவேன்" என்றார். அவள் நிமிர்ந்து பார்க்காமல், "பைக்கில போனா ஹெல்மெட் போட்டுட்டுப் போங்க" என்றாள்.

ஸ்ரீஜித் தன் கட்சி ஆட்டோ ஒன்றையும் தரமாட்டேன் என்றுவிட்டான். ஓட்டை விட்டுவிட்டுப் போகிறவருக்கு ஆட்டோ எதற்கு என்றான். தேர்தல் நாளில் பஸ் பாதிதான் ஓடியது. மகேஷ்குமார்தான் தனக்குப் பதில் ஒரு ஏஜண்டை உட்காரவைத்துவிட்டு பைக்கை எடுத்தான். எதிர்க் கட்சியின் ஒரு ஓட்டைத் தன் கையாலேயே முப்பது கிலோமீட்டர் தள்ளிக் கொண்டுபோய் விடுவது அவனுக்கு லாபம் என்று சிலர் சொல்வார்கள். மேசையில் வைத்த நாணயம் உறுத்தியது என்று வேறு சிலர் சொல்வார்கள். பைக்கில் போகும்போது அவன் அண்ணாச்சியிடம் கேட்டது ஒன்றுதான்: "வேகமா போனா நெஞ்சு வலிக்குமா?"

பூத்துக்குள் செல்போன் கூடாது. அதனால் ஓமனா கேட்டுக்கு வெளியே போனோடு நின்றாள். அவள் சொல்வதை வாசலில் நின்ற பெண் போலீஸ் கேட்டு, வரிசையில் நின்ற பெண்களிடம் சொல்ல, அது வாய் வாயாக உள்ளே போய் ஆர்ஷாவிடம் சேர்ந்தது. பாலராமபுரம் தாண்டியாச்சு. நெய்யாற்றின்கரையில் ரோடு வேலை, வண்டி நகரவில்லை. அமரவிளை. ஐந்து முப்பத்தைந்துக்கு உதியன்குளங்கரை. வரிசை கரைந்துகொண்டு வந்தது. ஓட்டுப் போட்டு முடித்தவர்கள் வீட்டுக்குப் போகாமல் மைதானத்தில் நின்றார்கள். ஸ்ரீகண்டன் ஐந்து நிமிடத்துக்கு ஒரு தடவை எழுந்து வந்து விரலைப் பார்த்துவிட்டுப் போனார். கொக்கி அசையவில்லை. ஐந்தே முக்காலுக்கு ஒரு வெள்ளைக் காகிதத்தை எடுத்து மேலே தேதி எழுதினார். ஆர்ஷா அதைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

எல்லைக்கு முன்னால், பணம் கடத்துகிறவர்களைப் பிடிக்கத் தேர்தல் பறக்கும் படை வண்டிகளை நிறுத்தி வைத்திருந்தது. மகேஷ்குமாரின் கழுத்தில் கட்சித் துண்டு இருந்தது. அதைக் கழற்ற மறந்திருந்தான். பைக்கின் சீட்டைத் திறக்கச் சொன்னார்கள். சீட் துருப்பிடித்துத் திறக்கவில்லை. அவன் சாவியோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தபோது, ராஜையன் ஹெல்மெட்டோடு இறங்கி ஓடத் தொடங்கினார். ஐம்பத்தெட்டு வயது, தொண்ணூறு கிலோ, பள்ளிக்கூடம் விட்ட பிறகு ஓடியிராத ஆள். படையிலிருந்து இரண்டு பேர் பின்னால் ஓடினார்கள். வாழைப்பழக் கடைக்காரர் அன்று நடந்ததை இன்றும் சொல்வார்: ஹெல்மெட் போட்ட ஒருவர் இடது கையை மேலே தூக்கிக்கொண்டு கடையைத் தாண்டி ஓடினார், செல்போன் கடை வாசலில் நின்றார், விரலைப் பார்த்தார், தரையில் உட்கார்ந்தார். துரத்தி வந்தவர்கள் அவர் பையைச் சோதித்தார்கள். ஒரு கைக்குட்டையும் இருமல் மிட்டாயும் இருந்தன.

ஆரியசாலையில் மணி ஐந்து ஐம்பத்தாறு. ஓமனாவின் போனில் மூச்சு வாங்கும் சத்தம் மட்டும் கேட்டது, சொல் எதுவும் வரவில்லை. உள்ளே தகவல் அனுப்ப வேண்டியிருக்கவும் இல்லை. மை நகத்திலிருந்து கீழ்நோக்கி வற்றியது. கொக்கி மட்டும் கொஞ்சம் தயங்கி, பிறகு அதுவும் போனது. ஸ்ரீகண்டன் விரலைப் பிடித்துத் தேய்த்துப் பார்த்தார், முகர்ந்தும் பார்த்தார். தேதி எழுதிய காகிதத்தை நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, இரண்டு ரூபாயைப் பதில் ஏஜண்டிடம் திருப்பிக் கொடுத்துவிட்டு, "வோட்டர் வரலாம்" என்றார். ஆர்ஷா ஓட்டுப் போட்டாள். மை வைத்த பெண் இந்தத் தடவை ஸ்கேல் வைத்ததைப் போல நேராக ஒரு கோடு இழுத்தாள்.

ராஜையன் அன்று அண்ணன் வீட்டில் தங்கிவிட்டு மறுநாள் வந்தார். அவர் எல்லை தாண்டியதும் ஆர்ஷாவின் விரலில் நேர்க்கோட்டுக்குப் பக்கத்தில் கொக்கி வந்து உட்கார்ந்தது. நேர்க்கோடு ஓணத்துக்குள் நகத்தோடு வளர்ந்து போய்விட்டது. கொக்கி போகவில்லை.

ஆரியசாலை பூத்தில் இரண்டு கட்சிக்கும் சமமான ஓட்டு விழுந்தது. அதனால் ஸ்ரீஜித்தும் மகேஷ்குமாரும் ஆளுக்கொரு பக்கம் ஆர்ஷாவின் ஓட்டைக் காரணம் சொன்னார்கள். அவள் யாருக்குப் போட்டாள் என்று சாவித்ரி மாமி நேராகவே கேட்டாள், சுற்றி வளைத்தும் கேட்டாள், மிளகாய் வாங்க மாதத்துக்கு இரண்டு தடவை வந்தும் கேட்டாள். நம் தெருவில் இன்றுவரை பதில் கிடைக்காத கேள்வி அது ஒன்றுதான். தில்லியில் யாரோ ஜெயித்துப் பதவி ஏற்றார்கள். மந்தம் எந்த நாளில் விலகியது என்று யாருக்கும் தெரியாது. அடுத்த வருடம் மாசி மாதம் ஒரு காலையில் தெரு முழுவதும் தும்மியது, அப்போதுதான் கவனித்தார்கள். எலிகள் அதற்கு முந்தின வாரமே வந்துவிட்டிருந்தன. போலீஸ் வெரிபிகேஷனுக்கு வந்தவர் ஆர்ஷாவின் விரலைப் பார்த்தார், விஷயத்தைக் கேட்டார், அதற்கென்று காகிதத்தில் இடம் எதுவும் இல்லாததால் கேஸ் இல்லை என்று எழுதிக் கொடுத்தார். அவளுக்கு நெய்யாற்றின்கரையில் ஒரு ஆபீஸில் வேலை. ராஜையன் திருவனந்தபுரம் பட்டியலிலிருந்து தன் பெயரை எடுக்க விண்ணப்பம் கொடுத்தார். ஊரில் இருப்பதை வைத்துக்கொண்டார், கல்லறைக்காக. உள்ளாட்சித் தேர்தலில் ஆர்ஷா ஓட்டுப் போடுகிற நாளுக்கு முந்தின நாளே ஊருக்குப் போய், அவள் போட்டாயிற்று என்று போன் வந்த பிறகுதான் பஸ் ஏறினார். பூத்தில் யாரும் ஒன்றும் கேட்கவில்லை.

இப்போதெல்லாம் அவர் சனிக்கிழமை ஊருக்குப் போய் ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து திரும்புகிறார். களியிக்காவிளையிலிருந்து வீட்டுக்கு ஒன்றே கால் மணி நேரம். மரச்சீனி வெந்து, மீன்குழம்பு கொதித்து இறங்கச் சரியான நேரம். அதனால் ஓமனா கடிகாரத்தைப் பார்ப்பதில்லை. போன ஞாயிற்றுக்கிழமை அரிந்த மரச்சீனியைத் தண்ணீரில் போட்டு வைத்துவிட்டு, அடுப்பைப் பற்றவைத்து, அடுக்களையிலிருந்து, "வந்தாச்சா?" என்று கேட்டாள். ஆர்ஷா டி.வி.யிலிருந்து கண்ணை எடுக்காமல் இடது கையைத் தூக்கி ஒரு தடவை பார்த்துக்கொண்டாள்.

"இல்ல. இன்னும் களியிக்காவிளை ஆகல்ல."

"குழித்துறைப் பாலத்தில வண்டி நிக்குதாயிருக்கும்" என்று சொல்லி ஓமனா அடுப்பை அணைத்தாள்.